நண்டு வலையும் தெள்ளுப்பூச்சியும்

உங்களில் பாதிப் பேர் தெள்ளுப்பூச்சியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கியிருப்பீர்கள், அது வேறு விஷயம். நாயைக் கொண்டுவந்து "பூச்சி கடிக்குது டாக்டர்" என்று ஒருவர் வாயைத் திறந்ததுமே உங்கள் கை மேஜை டிராயருக்குள் போய் மருந்தை எடுத்துவிடுகிறது. என்ன பூச்சி, எங்கே இருக்கிறது, எப்போதிலிருந்து என்று ஒரு கேள்வி கிடையாது. கடலூரிலும் சிதம்பரத்திலுமாகக் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து, ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த ஒரு விஷயத்தில்தான் உங்கள்மேல் எரிச்சல். மற்றதில் எல்லாம் நீங்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள், ஒப்புக்கொள்கிறேன்.

நம் பக்கத்தில் நாய்மேல் எது ஊர்ந்தாலும் உண்ணிதான். வருகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் அதையே திருப்பிச் சொல்லாதீர்கள். உண்ணி ஒரு இடத்தில் தலையைப் புதைத்துக்கொண்டால் நகராது, ரத்தம் குடித்துக் குடித்து உருண்டு போகும். தெள்ளு அப்படி இல்லை. எள்ளைவிடச் சின்னது, பக்கவாட்டில் தட்டையானது. ரோமத்துக்குள் நீச்சலடிப்பதுபோல ஓடும், விரலால் அமுக்கினால் வழுக்கிக்கொண்டு தாவிவிடும். நாயின் வால் தொடங்குகிற இடத்தில் ரோமத்தை விலக்கிப் பாருங்கள். பூனை என்றால் கழுத்தில். பூச்சி கண்ணில் படாமல் போகலாம், அதன் எச்சம் படும். மிளகைப் பொடித்துத் தூவிய மாதிரி கறுப்பாக இருக்கும். ஈரப் பஞ்சில் ஒற்றி எடுத்து ஒரு நிமிடம் பொறுங்கள். மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் சுற்றிச் செம்பழுப்பாக ஊறும், ஏனென்றால் அது குடித்துக் கழித்த ரத்தம். எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது, இன்றைக்கும் அந்தச் சிவப்பு ஊறி வரும்போது எனக்கு ஒரு குறுகுறுப்பு வரும்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் குடிவந்தது. பல மாதம் பூட்டிக் கிடந்த வீடு. சாமான் இறக்கிய அன்றைக்கே கணுக்காலெல்லாம் கடி. "எங்க வூட்ல ஒரு கோழிகூட கெடையாது மேடம், இது எங்கேர்ந்து வருது?" என்று அந்த அம்மா என்னிடம் வந்து அழாத குறை. விசாரித்தால், முன்பு குடியிருந்தவர்கள் புசுபுசுவென்று ரோமம் உள்ள குச்சுநாய் வளர்த்திருக்கிறார்கள். நாய் போய்விட்டது, தெள்ளு கூட்டுக்குள் சுருண்டு தரை இடுக்கில் காத்துக்கொண்டிருந்தது. மனிதர் நடக்கிற அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சும் வந்து சேர்ந்தால்தான் அது கூட்டை உடைக்கும். ஆள் வருகிற வரைக்கும் சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் பொறுத்திருக்கும். என்ன பொறுமை பாருங்கள்! அதில் கால்வாசி நமக்கு இருந்தால் போதும்.

இதை ஏன் முதலில் சொன்னேன் என்றால், அடுத்து சொல்லப்போவது இது தெரியாவிட்டால் விளங்காது.

அப்போது நான் சிதம்பரம் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். மீன்பிடித் தடைக்காலம். கிள்ளையை ஒட்டிய ஒரு குப்பத்திலிருந்து பவித்ரா என்கிற பெண் வந்தாள். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை, கையில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் செவலை நிறத்தில் ஒரு நாய். பெயர் ஜிம்மி. நாயை மேஜைமேல் ஏற்றுவதற்கு முன்பே குழந்தையின் கவுனைத் தூக்கிக் காலைக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. சொறிந்து சொறிந்து சில இடங்களில் புண்ணாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்து, பூச்சிக்கடி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"டாக்டரம்மா, இந்த நாய்க்கு ஒண்ணும் இல்லன்னு நீங்க வந்து எங்க அத்தைகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"எதுக்கும்மா?"

"நாளைக்குக் காலையில இத போட்ல ஏத்திக் கொண்டுபோயி அக்கரையில வுட்டுடப் போறாங்க. அங்க குடிக்கத் தண்ணிகூட கெடையாது, சுத்தி உப்புத்தண்ணிதான். செத்துப்பூடும். அப்படி ஏதாச்சும் நடந்துச்சுன்னா நானும் புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். இவுருகிட்ட சொல்லிட்டேன். சும்மா மெரட்டறேன்னு நெனைக்கிறாரு."

அவள் மிரட்டவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

வாலடியில் ரோமத்தை விலக்கினேன். கறுப்புத் துகள். ஈரப் பஞ்சில் ஒற்றினேன். மனசுக்குள் "சிவக்காதே, சிவக்காதே" என்று வேண்டிக்கொண்டேன், பொய் சொல்வானேன். சிவந்துவிட்டது. சீப்பில் வாரியதில் இரண்டு மூன்று பூச்சியும் வந்தன.

"இருக்குதும்மா," என்றேன்.

அவள் முகம் செத்துவிட்டது. "அப்ப அத்தை சொல்றது நெசந்தானா?"

இந்த இடத்தில் எனக்கு இரண்டு சுலபமான வழி இருந்தது. "ஒன்றுமில்லை" என்று அந்த வீட்டில் போய் ஒரு நல்ல பொய் சொல்லிவிடலாம். அல்லது நாய்க்கு மருந்து போட்டு, "சரியாயிடும் போ" என்று அனுப்பிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கலாம். இரண்டாவதைத்தான் நீங்களெல்லாம் செய்வீர்கள், செய்தால் தப்பு என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்குத்தான் ஒரு உறுத்தல். நாய்மேல் இருப்பதோ விரல்விட்டு எண்ணுகிற பூச்சி. குழந்தையின் காலில் இருப்பதோ அத்தனை கடி. இந்த நாய் ஒன்றால் ஒரு வீட்டை இப்படி நிரப்ப முடியுமா?

"நாய் உங்க வூட்டுக்கு எப்ப வந்துச்சு?"

"பிரசவம் முடிஞ்சு நான் வந்தப்ப. ஐப்பசி மாசம். எங்கம்மா வூட்ல எங்கூடவே கெடந்த நாயி, நான் கெளம்பறப்ப ஷேர் ஆட்டோ பின்னாடியே ஓடியாந்துச்சு. வுட்டுட்டு வர மனசு வரல."

"கடி எப்ப ஆரம்பிச்சுது?"

யோசித்தாள். "இப்பத்தான். இவுரு கடலுக்குப் போவாம வூட்டோட இருக்க ஆரம்பிச்ச அப்புறம்."

ஐப்பசியில் வந்த நாய் சித்திரை வரைக்கும் சும்மா இருந்துவிட்டு, தடைக்காலம் பார்த்தா பூச்சி கொட்டும்? எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. மதியம் கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

வீட்டு வாசலில் பவித்ராவின் மாமியார் அஞ்சலாட்சி கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் வாய் நிற்கவில்லை.

"வாங்க டாக்டரம்மா. ஊரு ஒலகத்துல எல்லாரும் புள்ளையப் பெத்துக்கிட்டு வருவாளுங்க. எங்க மருமவ புள்ளையோட சேத்து நாயையும் பெத்துக்கிட்டு வந்திருக்கா."

பெண்கள் சிரித்தார்கள். பவித்ரா உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த அம்மா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் காலை ஊதி ஊதித் தடவிய விதத்தைப் பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது. பேத்திமேல் உயிர்.

"எந்தச் சீவன் இந்தக் கருமத்த வூட்டுக்குள்ள கொண்டாந்துச்சோ, அது நாளைக்கு போட்ல போவணும். சொன்னா சொன்னதுதான். அஞ்சலாட்சி பேச்சு மாற மாட்டா," என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

பவித்ராவின் வீட்டுக்காரன் சுகுமார் வெளியே வந்தான். நல்ல பையன். அம்மாவையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்று கும்பிட்டான்.

வீட்டில் தெள்ளு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு அறை அறையாக நடக்க வேண்டும். எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கேதான் குடியிருப்பு. அந்தக் குப்பத்தில் சாக்ஸுக்கு எங்கே போவது? "வெள்ளை வேட்டி இருக்கா?" என்று கேட்டேன். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுக்கரை வேட்டிதான் இருந்தது. அதைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

அவன் வெளியே வந்ததும் எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல். "இன்னா மச்சான், மறுபடியும் கல்யாணமா? பொண்ணு யாரு, டாக்டரம்மாவா பாத்து வெச்சாங்க?"

"யோவ், நீ வேற," என்றான் சுகுமார். பவித்ராவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுப்பங்கரையில் நடந்தான், நின்றான். வேட்டி சுத்தம். படுக்கிற அறையில் ஒன்றோ இரண்டோ. பின்பக்கம் முருங்கை மரத்தடியில் நாய் படுக்கிற இடத்தில் கால் மாற்றி மாற்றி நிற்கச் சொன்னேன். அங்கேயும் இரண்டு மூன்றுதான். அஞ்சலாட்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டின் பக்கவாட்டில் ஷீட் போட்ட ஒரு கொட்டகை. தடைக்காலத்தில் அங்கே உட்கார்ந்துதான் சுகுமார் வலைகளைப் பிரித்து அறுந்த கண்களைக் கட்டிக்கொண்டிருக்கிறான். குழந்தையும் அப்பாவைச் சுற்றித் தவழ்ந்துகொண்டிருக்கும். மூலையில் நண்டு வலை ஒரு பெரிய குவியலாகக் கிடந்தது. அந்த வலைக்கு சீசன் வேறு. பல மாதமாகத் தொடாமல் கிடந்ததை, இப்போதுதான் பாதி பிரித்திருக்கிறான்.

"அங்க போயி நில்லு," என்றேன். "வலையை லேசாக் காலால அசை."

"கால் படக்கூடாது டாக்டரம்மா, தொழில் சாமான்," என்று சொல்லிவிட்டுக் குனிந்து கையால் அசைத்தான்.

வேட்டியில் கறுப்பு ஏறியது. முதலில் கரையில், பிறகு முழங்கால் வரைக்கும், எள்ளை வாரி இறைத்த மாதிரி. "ஐயோ!" என்று அவன் குதித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான். பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு நாலடி பின்னால் போனார்கள். எனக்கு மட்டும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. தேடினது கிடைத்துவிட்டது!

"பாத்தீங்களா?" என்றார் அஞ்சலாட்சி. "அந்த நாயி இங்க வந்துதான் பொரண்டுருக்கு."

வீட்டுக்கு வந்த பிறகு பவித்ரா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "ஜிம்மி இந்தக் கொட்டாய்க்குள்ள காலு வெச்சதே இல்ல அத்தை. வலைகிட்ட வந்தாலே நீங்கதான தொடப்பத்தத் தூக்கிக்கிட்டு வெரட்டுவீங்க."

நாய் வலைப்பக்கம் வரக்கூடாது என்பது அந்த அம்மாவே போட்ட சட்டம். அப்படியானால் வலைமேல் யார் படுத்தது? அது அங்கே எல்லோருக்கும் தெரியும். எலி வந்தால் வலையை ஒரே ராத்திரியில் கடித்து ஓட்டையாக்கிவிடும் என்று, வலைக்குக் காவலாகப் பூனை வளர்க்கிற வழக்கம் அந்தப் பக்கம் உண்டு. அஞ்சலாட்சி தன் கையால் மீன் தலை போட்டு வளர்த்த வெள்ளைப் பூனை அதோ, குவியலின் உச்சியில், நண்டு வலை தன் அப்பன் வீட்டுச் சொத்து என்கிற தோரணையில் உட்கார்ந்திருந்தது. அதற்கு மெத்தென்று இருக்கட்டும் என்று பழைய சாக்கு ஒன்று வேறு விரித்திருந்தது. மாசி மாதம் அது குட்டி போட்டதும் அந்தச் சாக்கின்மேல்தான். தெள்ளின் முட்டையெல்லாம் வலைக்கண் வழியாகக் கீழே மணலுக்குப் போயிருக்கிறது. நிழல், மணல், காய்ந்த மீன் செதில், ஈரக்காற்று. தெள்ளு வளர இதைவிட என்ன வேண்டும்? மஞ்சக்குப்பத்துப் பூட்டின வீட்டைப்போல வலை அசையாமல் கிடந்தவரை எல்லாம் கூட்டுக்குள் காத்திருந்தது. சுகுமார் வலையை இழுத்தான், குழந்தை தவழ்ந்தது, கிளம்பிவிட்டது.

பூனை எழுந்து சோம்பல் முறித்தது. அதன் வாலடியில் சோற்றுப் பருக்கை மாதிரி ஒன்றிரண்டு ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். அது சோறு இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாடாப்புழுவின் துண்டு. பூனை தன்னை நக்கும்போது தெள்ளை விழுங்குகிறது, தெள்ளோடு புழுவும் உள்ளே போகிறது.

இப்போது சொல்லுங்கள், அந்த இடத்தில் நீங்கள் என்ன பேசியிருப்பீர்கள்? "அம்மா, உங்கள் பூனைதான் காரணம்." உண்மைதானே? வாய்வரை வந்துவிட்டது எனக்கும். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். மருமகள் எதிரில், பெண்டுகள் எதிரில் மாமியாரைத் தலைகுனிய வைத்துவிட்டு நான் பஸ் ஏறிப் போய்விடுவேன். அந்தப் பெண் அதே வீட்டில்தான் அதே அடுப்பில் சோறாக்க வேண்டும். நாய் பிழைத்துவிடும், அவள் பிழைப்பு நாறிவிடும். பூச்சியைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குப் படிப்பு. அதை எப்படிச் சொல்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"பேன் சீப்பு இருக்குமாம்மா?" என்று மட்டும் கேட்டேன். "எல்லாத்தையும் ஒரு தடவ சீவிப் பாத்துடுவோம். வூட்ல இருக்கற சீவன் அத்தனையும்."

"அது சுத்தமான சீவன் டாக்டரம்மா. நாளு பூரா தன்னத்தானே நக்கிக்கிட்டு கெடக்கும்," என்றார் அஞ்சலாட்சி. குரலில் பழைய வேகம் இல்லை.

"நீங்களே சீவுங்க. உங்க கைக்குத்தான் அது அடங்கும்."

சீவினார். கழுத்திலிருந்து வந்த கறுப்புத் துகளைச் சுகுமாரின் வேட்டி ஓரத்தில் தட்டச் சொல்லி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். எல்லோரும் குனிந்து பார்த்தோம். சிவப்பு மெதுவாக ஊறி வந்தது.

பெண்களில் ஒருத்தி சும்மா இருக்கக்கூடாதா? "அப்ப நாளைக்கு போட்ல பூனைதான் போவுதா?" என்றாள்.

அஞ்சலாட்சி நிமிர்ந்தார். முகம் இறுகிப்போயிருந்தது. பூனையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டார். "நான் சொன்னா சொன்னதுதான். டேய் சுகுமாரு, நாளைக்கு எதுக்கு? இப்பவே போட்டத் தள்ளு," என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, ஆனால் காலை எடுத்து வைத்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு செய்த சாமர்த்தியம் எல்லாம் இந்த அழகில் முடிந்ததா என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

பவித்ரா குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு மாமியாருக்குக் குறுக்கே வந்து நின்றாள். ஜெயித்தவள் அவள். ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தாலும் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

"மாமா," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "போட்டத் தள்ளுங்க. ஆனா பூனைய ஏத்தாதீங்க, நாயையும் ஏத்தாதீங்க. பூச்சி இருக்கறது அந்த நண்டு வலையிலதான? அத ஏத்துங்க. கொண்டுபோயி உப்புத்தண்ணியில நல்லா முக்கி எடுத்து, சுடுமணல்ல விரிங்க. அத்தை சொன்ன சொல்லு மாறாது. வூட்டுக்குள்ள பூச்சியக் கொண்டாந்தது போட்ல போவட்டும்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. வலையை வெளியேற்றுவதும், அடியில் இருக்கிற மணலை வாரிக் கொட்டுவதும்தான் நானும் சொல்ல வந்தது. என்ன, நான் சொல்லியிருந்தால் அது வெறும் வைத்தியமாக இருந்திருக்கும். என் பங்குக்கு, எல்லாம் செய்த பிறகும் மிச்சம் கூடுகள் உடைந்து சில வாரம் பூச்சி வந்துகொண்டுதான் இருக்கும், அதைப் பார்த்து மறுபடி யாரையும் குற்றம் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

அஞ்சலாட்சி அசையாமல் நின்றார். மருமகளைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து ஒரு அதட்டு அதட்டினார்.

"கேட்டுச்சுல்ல? மாப்பிள்ள மாதிரி வேட்டியக் கட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு. ஏத்துடா வலைய!"

பெண்கள் கலைந்தார்கள். நாய்க்கு ஒரு மருந்தும் பூனைக்கு ஒரு மருந்தும் எடுத்து வைத்தேன். அஞ்சலாட்சி பூனையை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டுக்கும் ஒரே மருந்துதான, டாக்டரம்மா?"

"இல்லம்மா, வேற வேற. நாய்க்குப் போடறதுல சில மருந்து பூனை ஒடம்புல பட்டாலே செத்துடும். மாத்திப் போட்டுடாதீங்க."

"ஒரே வூட்ல இருந்தாலுமா?"

"ஒரே வூட்ல இருந்தாலும்தான். இதுக்கு ஒத்துக்கறது அதுக்கு ஒத்துக்காது. ரெண்டையும் தனித்தனியா பக்குவம் பாத்தா ரெண்டுமே நல்லா இருக்கும்."

அந்த அம்மா கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பவித்ரா வலையின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அடியே பவித்ரா," என்று கூப்பிட்டார். "நீ பூனையப் புடி. நான் ஒன் நாய்க்குப் போட்டு வுடறேன்."